பெரிய பகா எண்ணும் பாஸ்வேர்டு புராணமும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காட்டம். பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும், முழுசும் புரியும். கணக்குன்னாலே காத தூரம் ஓடற மக்களும் தைரியமா உள்ள வரலாம் :-)

2024 அக்டோபர்ல ஒரு சேதி வந்துச்சு. லூக் டுரான்ட்னு ஒருத்தர், முன்னாடி என்விடியாவுல வேலை பார்த்தவர், அதுவரைக்கும் மனுஷனுக்குத் தெரிஞ்ச பகா எண்கள்லயே பெருசைக் கண்டுபிடிச்சிட்டார். எண் இதுதான்: 2^136279841 − 1. அதாவது 2-ஐ 13,62,79,841 தடவை வரிசையா எழுதி, எல்லாத்தையும் பெருக்கி, கடைசியில ஒண்ணைக் கழிக்கணும். முழுசா எழுதினா 4,10,24,320 இலக்கம். விநாடிக்கு ஒரு இலக்கம்னு தூங்காம சாப்பிடாம வாசிச்சாலும் 475 நாள் ஆகும். எனக்குத் தெரிஞ்சு இதை எழுதற வரைக்கும் இதுதான் சாம்பியன்.

நல்ல சேதிதான். ஆனா ஒவ்வொரு தடவை இப்படி ஒரு எண் வரும்போதும், கூடவே ஒரு வால் ஒட்டிக்கிட்டு வரும். "இப்படிப்பட்ட பெரிய பகா எண்கள்தான் உங்க பேங்க் பாஸ்வேர்டைக் காப்பாத்துது, இனிமே இன்டர்நெட் இன்னும் பாதுகாப்பா இருக்கும்"ங்கற ரேஞ்சுல ஒரு பத்தி. பத்திரிகையில வரும், ஃபார்வர்டுல வரும், நம்ம ஆளுங்க பதிவுலயும் வரும். படிக்கறவங்களும் "ஓ, அதுக்குத்தானா" அப்படின்னு தலையாட்டிட்டுப் போயிடுவாங்க.

அது பொய்ங்க. சும்மா மிகைப்படுத்தல்னு விட்டுடற மாதிரி இல்லை, நேரெதிர் பொய். அது ஏன், அதனால என்ன கெடுதல்ங்கறதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல எண்ணோட ஜாதகம்

2^ப − 1 அப்படிங்கற வடிவத்துல இருக்கற பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள்னு பேர். 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு பாதிரியார் மரின் மெர்சென் ஞாபகமா வச்ச பேர். 3, 7, 31, 127 எல்லாம் இந்த வகையறா. புது எண், தெரிஞ்ச மெர்சென் பகா எண்கள்ல 52வது. "தெரிஞ்ச"ங்கறதை அழுத்திப் படிங்க. நடுவுல ஏதாவது விட்டுப்போச்சான்னு இன்னும் முழுசா சரிபார்த்து முடிக்கலை.

பைனரியில எழுதினா இந்த எண்ணுல பூஜ்யமே கிடையாது. 13,62,79,841 ஒண்ணுகள் வரிசையா நிக்கும், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை வச்சே நிறைய சொல்லலாம்.

உதாரணமா, மேல இருக்கற அடுக்கு பகா எண்ணா இருந்தே ஆகணும். ஏன்? ஆறு ஒண்ணு வரிசையா எழுதுங்க: 111111. அதை 111-ஆல வகுத்தா 1001, மீதி இல்லை. நம்ம சாதா கணக்குலயும் அப்படித்தான், பைனரியிலயும் அப்படித்தான் (அங்கே அது 63 = 7 × 9). ஆறை மூணு மூணா பிரிக்க முடியும்னா ஆறு ஒண்ணையும் மூணு ஒண்ணால வகுக்க முடியும். அதனால அடுக்கைப் பிரிக்க முடிஞ்சா மொத்த எண்ணும் பிரிஞ்சுடும்.

ஆனா இது தலைகீழா வேலை செய்யாது. 11 பகா எண். 2^11 − 1 = 2047. அது 23 × 89. போச்சா! 23, 89 ரெண்டையும் கொஞ்சம் உத்துப் பாருங்க. 23 = 22 × 1 + 1. 89 = 22 × 4 + 1. இது தற்செயல் இல்லை. 2^ப − 1-ஐ வகுக்கற எந்தப் பகா எண்ணும் 2ப-வோட மடங்கை விட ஒண்ணு அதிகமாத்தான் இருக்கணும் (ப 2-ஐ விடப் பெரிய பகா எண்ணா இருக்கும்போது). நம்ம சாம்பியனை ஏதாவது சின்ன எண் வகுக்கும்னா, அந்த எண்ணே குறைஞ்சது 27,25,59,683 இருந்தாகணும். அதுக்குக் கீழ இருக்கற எதையும் தொடவே வேண்டாம்.

சரி, பகா எண்தான்னு எப்படி நிரூபிக்கறது? இதுக்கு லூகாஸ்-லேமர் சோதனைன்னு ஒண்ணு இருக்கு. பிரெஞ்சுக்காரர் லூகாஸ் 1870-கள்ல ஆரம்பிச்சது, அமெரிக்கர் லேமர் 1930-கள்ல சீராக்கினது. 4-ல ஆரம்பிங்க. வர்க்கப்படுத்தி 2 கழிங்க. சோதிக்கற எண்ணால வகுத்து மீதியை வச்சுக்கங்க. திரும்பத் திரும்ப ப − 2 தடவை இதைச் செய்யணும். கடைசியில பூஜ்யம் வந்தா பகா எண், வரலைன்னா இல்லை.

31-க்குப் போட்டுப் பார்ப்போம். அடுக்கு 5, அதனால மூணு தடவை. 4. அடுத்து 16 − 2 = 14. அடுத்து 196 − 2 = 194, 31-ஆல வகுத்தா மீதி 8. அடுத்து 64 − 2 = 62, மீதி 0. முடிஞ்சுது, 31 பகா எண். ஒரு தடவை கூட வகுத்திகளைத் தேடலை பாருங்க! டுரான்டோட எண்ணுக்கு இதே வேலையை 13,62,79,839 தடவை செய்யணும், ஒவ்வொரு தடவையும் நாலு கோடி இலக்க எண்ணை வர்க்கப்படுத்தணும். அவ்வளவுதான் வித்தியாசம் :-)

இன்னொண்ணு. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு பர்ஃபெக்ட் நம்பரைக் கையோட கூட்டிட்டு வரும். 6-ஐ வகுக்கற எண்கள் 1, 2, 3. கூட்டினா திரும்ப 6. இந்த மாதிரி எண்தான் பர்ஃபெக்ட் நம்பர். 2^ப − 1 பகா எண்ணா இருந்தா, அதை 2^(ப−1)-ஆல பெருக்கினா பர்ஃபெக்ட் நம்பர் வரும்னு யூக்ளிட் நிரூபிச்சு 2300 வருஷம் ஆச்சு. இரட்டைப்படை பர்ஃபெக்ட் நம்பர் எல்லாமே இப்படித்தான் வரும்னு ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டுல முடிச்சார். ஆக இந்தக் கண்டுபிடிப்போட இலவச இணைப்பா 8,20,48,640 இலக்கத்துல ஒரு பர்ஃபெக்ட் நம்பரும் கிடைச்சாச்சு.

ஜாதகம் முடிஞ்சுது. இப்ப சண்டைக்கு வருவோம்.

இது ஏன் பாஸ்வேர்டுக்கு உதவாது

ஆர்எஸ்ஏ முறை எப்படின்னா, ரெண்டு பகா எண்ணை எடுத்துப் பெருக்கி, பெருக்கின விடையை ஊருக்குச் சொல்லிடுவோம். ரெண்டு எண்ணையும் ரகசியமா வச்சுக்குவோம். பெருக்கறது சுலபம், திரும்பப் பிரிக்கறது கஷ்டம். பாதுகாப்பு மொத்தமும் அந்த ரெண்டு எண்ணும் என்னன்னு வெளியாளுக்குத் தெரியாதுங்கறதுலதான் நிக்குது.

அப்படி இருக்கும்போது உலகத்துலயே பிரபலமான பகா எண்ணை எடுத்து சாவியா வச்சா என்ன ஆகும்? பூட்டைப் போட்டுட்டு சாவியோட படத்தைப் பேப்பர்ல முதல் பக்கத்துல போடற மாதிரி. முதல்ல சோதிச்சுப் பார்ப்பவன் அதைத்தான் போட்டுப் பார்ப்பான்.

ரெண்டாவது, சைஸ். அந்த எண்ணை அப்படியே சேமிச்சா சுமார் 17 எம்பி. நாம தினமும் பயன்படுத்தற 2048 பிட் ஆர்எஸ்ஏவுல ஒவ்வொரு பகா எண்ணும் 308, 309 இலக்கம்தான். பாதுகாப்பு இன்னும் வேணும்னா 3072, 4096 பிட்டுக்குப் போவாங்க. நாலு கோடி இலக்கத்துக்கு யாரும் போகப்போறதில்லை. போனா ஒரு வெப்சைட் திறக்கறதுக்குள்ள விடிஞ்சுடும்.

மூணாவது, பகா எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. 1024 பிட் அளவுல சுமாரா 710 எண்ணுக்கு ஒண்ணு பகா எண். ஒற்றைப்படையா மட்டும் எடுத்தா 355-க்கு ஒண்ணு. குருட்டாம்போக்குல ஒரு எண்ணை எடு, சோதி, இல்லைன்னா அடுத்ததை எடு. சாதாரண லேப்டாப்பே கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சுடும். இந்த அளவுல மொத்தம் எத்தனை பகா எண் இருக்குன்னா, 1-க்குப் பின்னாடி 305 பூஜ்யத்தையும் தாண்டும். இதுக்கு எவனும் 17 நாட்டுல ஜிபியு வாடகைக்கு எடுத்துத் தேட வேண்டியதில்லை. (டுரான்ட் அப்படித்தான் தேடினார். முதல் துப்பு அக்டோபர் 11-ஆம் தேதி அயர்லாந்து டப்ளின்ல இருந்த ஒரு ஜிபியுவுல கிடைச்சுது. அடுத்த நாள் டெக்சாஸ் சான் அன்டோனியோவுல இருந்த இன்னொண்ணு லூகாஸ்-லேமர் போட்டு உறுதி பண்ணுச்சு.)

விஷயம் தெரிஞ்சவங்க இங்கே கையைத் தூக்குவீங்க. "என்னப்பா, பி-521ங்கற எலிப்டிக் கர்வ்ல 2^521 − 1 இருக்கே, அது மெர்சென் பகா எண்தானே?" ஆமா, இருக்கு. ஆனா அங்கே அந்த எண் ரகசியமே இல்லை, விதிமுறையிலயே அச்சடிச்சுக் கொடுத்திருக்கு. ரகசியம் வேற ஒரு எண். மெர்சென் எண்ணால வகுத்து மீதி எடுக்கறது கம்ப்யூட்டருக்கு ரொம்ப சுலபம், பிட்டுகளை நகர்த்திக் கூட்டினா போதும், அதுக்காக எடுத்தாங்க. அந்த எண்ணுக்கு 157 இலக்கம்தான். ராபின்சன் 1952-லயே கண்டுபிடிச்சது. புது சாம்பியனுக்கும் அதுக்கும் உறவு, தூரத்துப் பங்காளி உறவுதான்.

சரி, சின்னப் பொய்தானே, விட்டுடேன்?

விட மாட்டேன். ஏன்னா இந்தப் பொய் ஜனங்களைத் தப்பான இடத்துல பயப்பட வைக்குது. பாதுகாப்புன்னா எண் பெருசா இருக்கணும்னு மனசுல பதிஞ்சு போயிடுது. நிஜத்துல பூட்டு உடைஞ்ச இடங்கள்ல பல தடவை சைஸ் ஒரு பிரச்சினையாவே இல்லை.

2012-ல ரெண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியா ஒரு வேலை பண்ணாங்க. இன்டர்நெட்ல வெளிப்படையா கிடக்கற ஆர்எஸ்ஏ சாவிகளை லட்சக்கணக்குல அள்ளினாங்க. அதுல எதுக்கெல்லாம் பொது வகுத்தி இருக்குன்னு பார்த்தாங்க. ஆயிரக்கணக்கான சாவிகள் அப்படியே அவிழ்ந்து விழுந்துச்சு. பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் மாதிரி சின்னச் சின்னப் பொட்டிங்க. ஸ்விட்ச் போட்ட உடனே சாவி தயார் பண்றப்ப, அதுகளுக்குப் போதுமான தற்செயல்தன்மை கிடைக்கலை. அதனால வேற வேற பொட்டி ஒரே பகா எண்ணைப் பொறுக்கி எடுத்துருச்சு.

அதனால என்னங்கறீங்களா? கையாலயே போட்டுப் பாருங்க. ஒரு சாவி 323, இன்னொரு சாவி 391. பிரிக்கத் தெரியலைன்னு வச்சுக்குவோம். 391-லேருந்து 323-ஐக் கழிச்சா 68. 323-ஐ 68-ஆல வகுத்தா மீதி 51. 68-ஐ 51-ஆல வகுத்தா மீதி 17. 51-ஐ 17-ஆல வகுத்தா மீதி இல்லை. ஆக 17 ரெண்டுக்கும் பொது. 323 = 17 × 19, 391 = 17 × 23. ரெண்டு பூட்டும் அவுட்! இது ஸ்கூல்ல படிச்ச மீப்பெரு பொது வகுத்திதான், யூக்ளிட் காலத்துச் சரக்கு. 617 இலக்க சாவிக்கும் இதேதான், கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி கூட ஆகாது. எண்ணைப் பிரிக்கறதுதான் கஷ்டம், பொது வகுத்தி கண்டுபிடிக்கறது கஷ்டமே இல்லை.

2017-ல இன்னொரு கூத்து. ஒரு சிப்புக்குள்ள இருந்த மென்பொருள், வேகமா வேலை முடியணும்னு, ஒரு குறிப்பிட்ட வாய்ப்பாட்டுக்குள்ள அடங்கற பகா எண்களா எடுத்துக்கிட்டு இருந்துச்சு. எண்ணெல்லாம் பெருசுதான், பகா எண்ணும்தான். ஆனா வாய்ப்பாடு தெரிஞ்சதும் தேட வேண்டிய இடம் சுருங்கிப்போச்சு. எஸ்டோனியா நாட்டுல சுமார் 7.6 லட்சம் அடையாள அட்டைகளோட சான்றிதழ்களை நிறுத்தி வைக்க வேண்டியதாப் போச்சு.

இப்ப நம்ம சாம்பியனைப் பாருங்க. 2^136279841 − 1. நாலு கோடி இலக்க எண்ணை ஒரே வரியில எஸ்எம்எஸ் அனுப்பிடலாம். அதைவிட ஒழுங்கான அமைப்புள்ள எண் கிடையாது. ரகசியச் சாவிக்கு எது இருக்கவே கூடாதோ, அது மொத்தமும் அதுல இருக்கு. அதனாலதான் நேரெதிர் பொய்னு சொன்னேன்.

நம்மள்ல பாதிப்பேர் பொட்டி தட்டற ஆளுங்க. நாளைக்கு உங்க டீம்ல ஒருத்தர் சாவி உருவாக்கற கோடு எழுதும்போது "4096 பிட் போட்டாச்சு, சேஃப்"னு சொல்லிட்டு, நேரத்தை விதையா வச்சு ராண்டம் எடுத்தார்னா, அதுக்குப் பின்னாடி இந்தப் "பெருசா இருந்தா போதும்" புராணத்துக்கும் ஒரு பங்கு இருக்கு.

"என்ன யூஸ்?" கட்சிக்கு

பாஸ்வேர்டு கதை பொய்னா, அப்ப இது எதுக்குத்தான் உதவும்னு கேக்கறவங்க இருக்கீங்க. நியாயமான கேள்வி. இத்தனை ஜிபியுவும் இத்தனை கரண்டும் செலவாகுதேங்கற வருத்தமும் நியாயம்தான், அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். நேரா பதில் சொல்றேன். அந்த எண்ணை வச்சு எந்த வேலையும் நடக்காது. கிடைச்ச பரிசு 3000 டாலர். ஆன செலவு அதுக்குப் பல மடங்கு. அந்த 3000-த்தையும் அவர் அலபாமாவுல ஒரு கணித அறிவியல் பள்ளிக்குக் கொடுக்கறதா சொல்லிட்டார்.

ஆனா தேடற வழியில நிறைய நடந்திருக்கு. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல ஆரம்பிச்ச ஜிம்ப்ஸ் திட்டத்தோட மென்பொருள் பிரைம்95. அதுல நாள் கணக்கா பெருக்கல் ஓடும், ஒரு பிட் தப்பானாலும் விடை நாசம். அதனால புது கம்ப்யூட்டரைக் கசக்கிப் பார்க்கறதுக்கு அதையே பயன்படுத்தினாங்க. 2016 ஜனவரியில இன்டெலோட ஸ்கைலேக் சிப், பிரைம்95 ஓட்டும்போது உறைஞ்சு போறதுன்னு தெரிய வந்து, இன்டெலே ஒத்துக்கிட்டு சரி பண்ணுச்சு. 1994-ல பென்டியம் சிப் வகுத்தல் தப்பா போடுதுன்னு கண்டுபிடிச்ச தாமஸ் நைஸ்லியும் பகா எண் கணக்குதான் போட்டுக்கிட்டு இருந்தார், இரட்டைப் பகா எண்கள் பத்தி. சிப்பு செய்யறவங்க கண்ணுல படாதது இவங்க கணக்குல மாட்டுச்சு. ஏன்னா இவங்களுக்குக் கிட்டத்தட்ட சரியா இருந்தா போதாது, மொத்தமும் சரியா இருந்தாகணும்.

"ஒரு நாள் யூஸ் ஆகும் பாரு" கட்சிக்கு

இவங்க நம்ம கட்சிக்காரங்கதான், ஆனா இவங்களோடயும் எனக்குச் சண்டை உண்டு. "ஹார்டி 1940-ல எண் கணிதத்தால பிரயோஜனம் இல்லைன்னு பெருமையா எழுதினார், 1977-ல ஆர்எஸ்ஏ வந்துச்சு, அதே மாதிரி இதுவும்" அப்படிம்பாங்க. லாட்டரி சீட்டு விக்கறவர் பேச்சு மாதிரி இருக்கு. ஒருத்தருக்கு விழுந்ததால எல்லாருக்கும் விழும்னு சொல்ல முடியாது. எல்லாமே ஒரு நாள் உதவும்னா, உதவாதவரைக்கும் அது வெட்டின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

ஒத்துக்க வேண்டிய அவசியமே இல்லை. மெர்சென் 1644-ல ஒரு பட்டியல் போட்டார். 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும்னு. அதுல 67-ம் 257-ம் தப்பு. 61, 89, 107 விட்டுப்போச்சு. 67 தப்புன்னு லூகாஸ் 1876-ல காட்டினார், ஆனா வகுத்தி என்னன்னு அவருக்குத் தெரியாது. 1903-ல ஃப்ராங்க் கோல்னு ஒரு அமெரிக்கர் கரும்பலகையில 193707721 × 761838257287 போட்டு, 147573952589676412927 வர வச்சு, ஒரு வார்த்தை பேசாம போய் உக்காந்தார்னு சொல்வாங்க. அதை வச்சு யாரும் ஒரு இட்லி கூட வாங்கலை. ஆனா 259 வருஷமா கிடந்த ஒரு கேள்விக்கு முழு விடை கிடைச்சுது. இனிமே யார் வந்தாலும் அதை மாத்த முடியாது.

இன்னும் தெரியாதது எவ்வளவு இருக்கு பாருங்க. மெர்சென் பகா எண்கள் முடிவில்லாம வருமா? தெரியாது. பகா அடுக்கு இருந்தும் 2047 மாதிரி உடையற எண்கள் முடிவில்லாம வருமா? அதுவும் தெரியாது! ஒற்றைப்படையில பர்ஃபெக்ட் நம்பர் உண்டா? ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலா கேள்வி அப்படியே நிக்குது. ஆறாம் கிளாஸ் பிள்ளைக்குப் புரியற கேள்விங்க இதெல்லாம். உலகத்துல யாருக்கும் விடை தெரியாது.

என் கோபம் மொத்தமும் இங்கேதான். ஒரு பிள்ளை "இந்த எண் எதுக்கு?"ன்னு கேட்டா, இந்தக் கேள்விகளைச் சொல்லலாம். அதை விட்டுட்டு "பேங்க் பாஸ்வேர்டு"ன்னு ஒரு பொய்யைக் கொடுத்து வாயை அடைக்கறோம். அந்தப் பிள்ளை கொஞ்சம் வளர்ந்து, கூட்டிக் கழிச்சுப் பார்த்து, அது பொய்னு தெரிஞ்சுக்கும்போது, கணக்கைப் பத்தி நாம சொன்ன மத்ததையும் நம்பாது. நம்பாம இருக்கறதுல தப்பும் இல்லை.

அதனால மக்களே, அடுத்த சாம்பியன் வரும்போது (கண்டிப்பா வரும், பத்து கோடி இலக்கத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் பரிசு அறிவிச்சு வச்சிருக்காங்க) பதிவு போடறவங்க அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் தூக்கிடுங்க. அந்த இடத்துல 31-க்கு லூகாஸ்-லேமர் போட்டுக் காட்டுங்க. மூணே வரிதான்.

பி.கு: 2^136279841 − 1-ன் கடைசி இலக்கம் என்ன? கம்ப்யூட்டர், கால்குலேட்டர் ரெண்டும் தொடாம ஒரு நிமிஷத்துல சொல்லலாம். 2, 4, 8, 16, 32-னு எழுதி கடைசி இலக்கத்தை மட்டும் கவனிங்க. விடையைப் பின்னூட்டத்துல போடுங்க, எப்படி வந்துச்சுன்னும் சேர்த்து. வெறும் விடை போட்டா கும்மப்படும் :-)